அறுபதாவது தாள்

உங்களில் எத்தனை பேருடைய அப்பா பட்டாளத்தில் இருந்தார் என்று எனக்குத் தெரியாது. ஆண்டிமடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, "மிலிட்டரிக்காரர் வூடு எது?" என்று கேட்டால், "எந்த மிலிட்டரி?" என்று திருப்பிக் கேட்பார்கள். அவ்வளவு பேர். அதனால் நம் வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு நான் சொல்வது விளக்கமில்லாமலே புரியும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இதை மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நிறுத்திவிடுவேன். ஏற்கெனவே ஒரு முறை அப்படி நிறுத்தியிருக்கிறேன்.

அப்பா ராணுவத்தில் லாரி ஓட்டினார். மலைப்பாதைகளில். எந்த மலை என்று கேட்டால், "எல்லா மலையும் ஏறுறப்ப ஒண்ணுதான், எறங்குறப்பதான் வேற வேற" என்பார். வருஷத்துக்கு ஒரு முறை அறுபது நாள் லீவில் வருவார். கறுப்பு டிரங்குப் பெட்டி, அதன் மூடியில் வெள்ளை பெயிண்ட்டில் அவருடைய நம்பரும் பெயரும். பெட்டியைத் திறந்தால் ஷூ பாலிஷும் நாப்தலீன் உருண்டையும் கலந்த ஒரு வாசனை வரும். வெகுநாள்வரை அதுதான் அப்பாவின் வாசனை என்று நினைத்திருந்தேன். அது பெட்டியின் வாசனைதான்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் இருந்தது. லீவில் வந்தவரிடம் "எப்ப கெளம்புறீங்க?" என்று கேட்கவே கூடாது. கேட்டால் போன இடத்தில் ஏதாவது ஆகிவிடும் என்று அம்மாவுக்குப் பயம். அவரும் தானாகச் சொல்ல மாட்டார். ஆனால் அம்மாவுக்குத் தேதி தெரிந்தாக வேண்டும். முறுக்கு சுட வேண்டும், முந்திரி வறுக்க வேண்டும், இட்லிப் பொடி இடிக்க வேண்டும். அதனால் அவர் வந்து இறங்கிக் குளிக்கப் போனதும், அம்மா சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் அறுபது தாள் எண்ணுவாள். அறுபதாவது தாளின் கீழ் மூலையைச் சின்ன முக்கோணமாக மடித்து நகத்தால் அழுத்துவாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டோம். தாள் கிழியக் கிழிய முக்கோணம் முன்னால் வரும். இரண்டு நாள் பாக்கி இருக்கும்போது வீட்டில் எண்ணெய் காயும் வாசனை வரும்.

நான் நாலாவது படித்த வருஷம் அவர் ஒரேயடியாக வந்துவிட்டார். சர்வீஸ் முடிந்தது. இன்னும் சில வருஷம் நீட்டித்துக் கொடுக்கிறோம் என்றார்களாம். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

"இனிமே எங்கயும் கெளம்ப மாட்டேன் புள்ள" என்று வாசலிலேயே அம்மாவிடம் சொன்னார். பெட்டியைக்கூட இன்னும் இறக்கவில்லை.

அவர் குளிக்கப் போனதும் அம்மா பழக்கத்தில் காலண்டர் முன்னால் போய் நின்றாள். கையைத் தூக்கினாள். பிறகு அந்தக் கையால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அதை நான் பார்த்தேன். அவள் முகம் சந்தோஷமாக இருந்ததா என்று இப்போது எத்தனை தடவை யோசித்தாலும் ஞாபகம் வரவில்லை. கை மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது.

அது மாசி மாதம். முந்திரி பூத்து முடித்துப் பிஞ்சு விட்டிருந்தது. எங்கள் காட்டில் பழம் விழ ஆரம்பித்தால் ஊர் முழுக்கப் புளித்த இனிப்பு வாசனை அடிக்கும். சட்டையில் சாறு பட்டால் கறை போகாது. ஒவ்வொரு வருஷமும் பெருக்குவது, பொறுக்குவது, கொட்டை திருகுவது, வியாபாரியிடம் வாயாடுவது எல்லாமே அம்மாதான். மொபெட்டில் மூட்டையை முன்னால் வைத்து, என்னைப் பின்னால் ஏற்றி, ஜெயங்கொண்டம்வரை போய்விட்டு வருவாள். எனக்கு அவள்தான் டிரைவர். அப்பா வந்த மறுநாளிலிருந்து மொபெட் சாவி அவருடைய சட்டைப் பையில் இருந்தது. அம்மா சைடாக உட்கார்ந்து பின்னால் போனாள். எனக்கு இடமே இல்லை.

படுக்கையும் போயிற்று. ஒன்பது வயதுவரை அம்மா பக்கத்தில் படுத்தவள் நான். அப்பாவின் சட்டப்படி விடிந்ததும் போர்வையை நாலு மூலை சேர மடித்து வைக்க வேண்டும். வாரிய தலையில் ஒரு முடி தூக்கிக்கொண்டு நிற்கக் கூடாது. தண்ணீர்க் குடத்துக்குக்கூட அவர் ஒரு வரிசை வைத்தார்.

பெரியப்பா மட்டும் அவர் வந்ததில் உண்மையாக மகிழ்ந்தார். அவருடைய மகிழ்ச்சி மிலிட்டரி கேண்டீனிலிருந்து பாட்டிலில் வரும்.

"தம்பி, இந்த மாச கோட்டா வாங்கிட்டியா?"

"நான்தான் குடிக்கிறதில்லயே அண்ணா."

"குடிக்கவா கேட்டேன்? முட்டிக்காலு வலிக்குதுடா. தடவிக்கிறதுக்கு."

"தடவிக்கிறதுக்குன்னா வேப்பெண்ண வாங்கித் தரேன்."

"ஒன்னை நம்பி ஒரு நாட்டையே குடுத்தான் பாரு, ஒரு குவார்ட்டர குடுக்க மாட்டேங்கிற!"

அப்பா சிரித்தார். அந்தப் பருவத்தில் அவர் சத்தமாகச் சிரித்ததாக எனக்கு நினைவிருப்பது அந்த ஒரு தடவைதான்.

இப்போது தலைமுடி விஷயம். பள்ளி ஆண்டு விழாவில் நான் ஒரு நடனத்தில் இருந்தேன். முன்வரிசையில், நடுவில். எனக்கு இடுப்புவரை முடி. டீச்சர் அதற்காகவே என்னை நடுவில் நிறுத்தியிருந்தார். விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அப்பா என் தலையில் பேனைப் பார்த்துவிட்டார். அம்மா சீப்பும் மருந்தும் எடுத்து வருவதற்குள் என்னை மொபெட்டில் ஏற்றி ஆண்டிமடத்தில் ஆண்கள் முடிவெட்டும் கடைக்குக் கொண்டுபோய்விட்டார்.

கடைக்காரர் கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். "சார், பொம்பளப் புள்ள சார். வூட்ல கேட்டுக்கிட்டு வாங்களேன்."

"முடி வளரும்யா. எங்க கேம்ப்ல பேன் வந்தா ஒரு நாள்ல மொத்த ஆளுக்கும் அடிச்சிருவோம். அடி."

என் பின்னல் அப்படியே தரையில் விழுந்தது. ரிப்பனோடு.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் பின்னாலேயே போய்க் கேட்டேன்.

"அம்மா, அப்பா எப்ப போவாரு?"

வாயிலேயே ஓர் அடி விழுந்தது. "அப்படிக் கேக்கக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்? வாய மூடு."

சரி, வாயை மூடினேன். கேட்கக் கூடாது என்றால் கேட்காமல் செய்வதற்கு அந்த வீட்டில் ஒரு வழி இருந்ததே. அன்று சாயந்தரம் அவர்கள் இருவரும் காட்டில் இருந்தபோது ஸ்டூலைப் போட்டு ஏறினேன். அவர் வந்த நாளிலிருந்து எண்ணினேன். எத்தனை நாள் போயிருந்தது, எத்தனை நாள் பாக்கி என்று விரல் விட்டு, சுவரில் பென்சிலால் போட்டு, சரிபார்த்து எண்ணினேன். கணக்கில் நான் கெட்டி. அறுபதாவது தாள். கீழ் மூலை. சின்ன முக்கோணம். நகத்தால் அழுத்தினேன், அம்மா அழுத்துவது மாதிரியே.

மறுநாள் காலையில் தாள் கிழிக்க வந்தவர் அப்பா. வந்ததிலிருந்து அது அவர் வேலை. கிழித்து, என் ராசிக்கு என்ன போட்டிருக்கிறது என்று படித்துச் சொல்வார். அன்று கட்டைவிரல் பக்கவாட்டில் பட்டதும் நின்றார். தாள்களை விசிறி மாதிரி விரித்து அந்த மூலையைப் பார்த்தார். உதடு அசைந்தது. எண்ணுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு அன்றைய தாளைக் கிழித்தார்.

"பாப்பா, ஒனக்கு இன்னைக்கு வெற்றி" என்றார்.

ஆண்டு விழாவில் டீச்சர் என்னை நடனத்திலிருந்து எடுத்துவிட்டு மேடையின் திரைக் கயிற்றை இழுக்கும் வேலை கொடுத்தார். அப்பா கடைசி வரிசையில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். நிகழ்ச்சி முடிந்து திரை மூடும்போதெல்லாம் அவர் கைதட்டினார். வீட்டுக்கு வந்து, "ஒரு எடத்துலகூட கயிறு சிக்கல. கரெக்ட்டா தொறந்துச்சு, கரெக்ட்டா மூடுச்சு" என்று பெரியப்பாவிடம் சொன்னார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்துச் சாப்பிடாமல் படுத்துவிட்டேன். அவர் கிண்டலே செய்யத் தெரியாதவர். சிக்காத கயிறு அவர் உலகத்தில் பெரிய விஷயம். அதை விளங்கிக்கொள்ள எனக்குப் பதினைந்து வருஷம் ஆயிற்று.

மறுநாள் அவர் எனக்கு ஒரு சிவப்பு ஹேர்பேண்டு வாங்கி வந்தார். மொட்டைக்கும் கிராப்புக்கும் நடுவில் இருந்த என் தலைக்கு ஹேர்பேண்டு! கொடுக்கும்போது கை எங்கே வைப்பது என்று தெரியாமல் என் தலைக்கு மேலே கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்திருந்தார். "வளந்ததும் போட்டுக்க பாப்பா" என்றார்.

அந்தக் கையைப் பார்த்து எனக்கு என்னவோ ஆயிற்று. அவர் வெளியே போனதும் ஸ்டூலைப் போட்டு ஏறி, மடித்த மூலையை நிமிர்த்தினேன். எச்சில் தொட்டுத் தேய்த்தேன். கோடு போகவில்லை, ஆனால் தாள் நிமிர்ந்து மற்றத் தாள்களோடு சேர்ந்துகொண்டது. நிம்மதியாகப் பள்ளிக்கூடம் போனேன்.

சாயந்தரம் வந்து பார்த்தால் மறுபடியும் மடிந்திருந்தது. முன்பைவிட அழுத்தமாக.

ஒன்பது வயது மூளை என்ன நினைக்கும்? ஓ, பெரியவர்களும் இதைத்தான் விரும்புகிறார்கள் என்று நினைத்தேன். தப்பு என் மேல் இல்லை என்று ஆகிவிட்டது. அதற்குப் பிறகு நான் காலண்டர் பக்கம் போகவில்லை.

அதற்கு அடுத்த ஞாயிறு அப்பா எங்களைப் பெரம்பலூருக்கு பஸ் ஏற்றி, அங்கிருந்து ரஞ்சன்குடி கோட்டைக்குக் கூட்டிப்போனார். வெயிலில் கல் சுட்டது. மேலே ஏறி நின்று, கீழே ஹைவேயில் போகும் லாரிகளைக் காட்டி, எது லோடு ஏற்றியது, எது காலி என்று சத்தத்தை வைத்தே எனக்குச் சொன்னார். அம்மா கால் வலி என்று பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இறங்கும்போது அவர் கையை நீட்டினார். அவள் பிடிக்காமல், சுவரைப் பிடித்து இறங்கினாள். கூச்சம்தான். எங்கள் பக்கத்தில் நாலு பேர் முன்னால் யார் கையைப் பிடித்து இறங்குகிறார்கள்?

திரும்பும்போது லப்பைக்குடிக்காட்டில் அப்பாவின் பள்ளிக்கூடக் கூட்டாளி பாய் வீட்டுக்குப் போனோம். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவர். வளைகுடாவில் பெரிய லாரி ஓட்ட ஆள் வேண்டும் என்று அவர் முன்பே இரண்டு தடவை எங்கள் வீட்டுக்கு வந்து கேட்டிருந்தார். "பாக்கலாம்டா, இப்பத்தான வந்திருக்கேன்" என்று அப்பா அவரைத் திருப்பி அனுப்பியிருந்தார். அன்று அப்பாவே பேச்சை எடுத்தார்.

"அந்த டிரைவர் வேல இன்னும் இருக்கா?"

பாய் அப்பாவைப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். "இருக்குடா. மெட்ராஸ்ல டெஸ்ட் வெப்பாங்க. ஆனா ஒனக்கு எதுக்குடா இப்ப? புள்ள குட்டியோட இரேன் கொஞ்ச நாளு. தங்கச்சி, நீங்க என்னம்மா சொல்றீங்க?"

அம்மா தரையைப் பார்த்தாள். "அவங்க இஷ்டம்ண்ணே. நான் என்ன சொல்றது?"

அப்பா தலையை ஆட்டினார். "அடுத்த வாரம் கெளம்பிடறேன்" என்று சொல்லித் தேதியும் சொன்னார். மடித்த தாளின் தேதி.

"இன்ஷா அல்லாஹ்" என்றார் பாய். நான் சர்பத் குடித்துக்கொண்டிருந்தேன். சப்ஜா விதை பல்லில் சிக்கியது ஞாபகம் இருக்கிறது.

இரண்டு நாள் பாக்கி இருக்கும்போது அம்மா முறுக்கு மாவு பிசைந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அச்சில் பிழிவதைப் பார்த்துக்கொண்டு, சுடச்சுட உடைந்ததையெல்லாம் எடுத்துத் தின்றேன். அப்பா ஒரு தடவை அடுப்படி வாசலில் வந்து நின்று எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். போய் டிரங்குப் பெட்டியைத் துடைத்தார்.

அரியலூர் ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது மொபெட் சாவியை அம்மாவிடம் கொடுத்தார். அன்றிரவு நான் அம்மா பக்கத்தில் படுத்தேன். அவள் தூங்கவில்லை என்பது தெரிந்தும் நான் நன்றாகத் தூங்கினேன். இதையும் எழுதிவிடுகிறேன்.

அதற்குப் பிறகு அவர் வாழ்க்கையில் சொல்ல அதிகம் இல்லை. பாலைவனத்தில் பதினாலு வருஷம் லாரி ஓட்டினார். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை நாற்பது நாள் வருவார். அம்மா நாற்பது தாள் எண்ணி மடிப்பாள். என் படிப்புக்கு, வீட்டுக்கு மேல்தளம் போட, எல்லாவற்றுக்கும் அவர் இருந்தார், வீட்டில்தான் இல்லை. சிவப்பு ஹேர்பேண்டு எங்கே போனதென்று தெரியவில்லை. முடி வளர்ந்தபோது தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. கடைசியில் சிறுநீரகம் கெட்டுத் திரும்பி வந்தார். வாரத்துக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். நான் பெங்களூரிலிருந்து வந்து வந்து கூட உட்கார்ந்தேன்.

அப்படி ஒரு நாள், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது, தானாகப் பேச ஆரம்பித்தார்.

"உங்கம்மா மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல பாப்பா. ஆள் இல்லாமயே பழகின பொம்பள. நான் வந்து சாவிய புடுங்கிக்கிட்டேன், உன் முடிய வெட்டினேன். அவளுக்கு மூச்சு முட்டியிருக்கும். வாயால சொல்ல முடியுமா? தாள மடிச்சு வெச்சா."

"அம்மாதான் மடிச்சாங்கன்னு ஒங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

"மொதல்ல சந்தேகமாத்தான் இருந்துச்சு. அப்புறம் ஒரு நாள் நானே பாத்தேன். வெளக்குமாத்த கக்கத்துல இடுக்கிக்கிட்டு, நகத்தால அழுத்தி அழுத்தி மடிச்சா. நான் வாசல்ல நின்னேன். அவ பாக்கல. அதுக்கு மேல எப்படி இருக்கிறது?"

சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷம், அந்தப் படுக்கை, அவர் கை என் கைக்குப் பக்கத்தில். "அப்பா" என்று ஆரம்பித்தேன். மெஷின் ஒரு சத்தம் போட்டது, நர்ஸ் வந்து குழாயைச் சரிசெய்தார். நர்ஸ் போனதும் பார்த்தால் அப்பா கண்ணை மூடியிருந்தார். அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் அவர் இல்லை. நான் பாதியில் நிறுத்தியது என்று முதலில் சொன்னேனே, அது இதுதான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பெரியப்பா ஏதோ ஆறுதல் சொன்னபோது, அம்மா எல்லார் முன்னாலும் வெடித்தாள்.

"அவருக்கு எங்ககூட இருக்கப் புடிக்கல மாமா. ஒரேயடியா வந்துட்டேன்னு சொன்ன மனுசன், ரெண்டு மாசத்துல அவரே தாள மடிச்சு வெச்சுட்டாரு. நான் என்ன செய்ய? முறுக்கு சுட்டுக் குடுத்தேன்."

அந்தக் கூட்டத்தில் கதையின் இரண்டு பாதியும் தெரிந்த ஒரே ஆள் நான். எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவிடம் சொன்னேன். காலையில், காபி ஆறிக்கொண்டிருந்தது. பின்னல் விழுந்ததிலிருந்து ஆரம்பித்து, ஸ்டூல், எண்ணியது, மடித்தது, பிறகு நிமிர்த்தியது, ஆஸ்பத்திரியில் அவர் சொன்னது, எல்லாம். திட்டுவாள், அடிப்பாள், இல்லை அழுவாள் என்று தயாராக இருந்தேன். அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நிமித்துனதும் நீதானா?"

"ஆமாம்மா."

"ஏன் நிமித்துன?"

"அவரு போக வேணாம்னுதான்."

அவள் தன் வலது கைக் கட்டைவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காத்துல நிமிந்துபோச்சுன்னு நெனச்சேன். அவரு மடிச்சது, தேதி தவறிடக் கூடாதேன்னு நான் அழுத்தி வெச்சேன்."

"நான் மடிக்காம இருந்திருந்தா..."

"நீ ஒம்பது வயசுப் புள்ள. தப்பு செஞ்ச, நீயே சரி பண்ணிட்ட. நான்தான் மறுபடி மடிச்சேன்."

"அப்படி இல்லம்மா, நான்தான்..."

"போதும் விடு."

பதினெட்டு வருஷமாக நான் சுமந்ததை இறக்கி வைக்க ஓர் இடம் தேடினேன். அவள் மடிதான் கிடைத்தது எனக்கு. அவருக்கு எங்களைப் பிடிக்கவில்லை என்ற கோபத்தைப் பிடித்துக்கொண்டு அவள் அதுவரை நன்றாகத்தான் நின்றுகொண்டிருந்தாள்.

சுவரில் காலண்டர் தொங்கியது. நான் வந்து இறங்கியதுமே அவள் மடித்து வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, நான் பெங்களூருக்குக் கிளம்பும் நாள். அம்மா எழுந்து போய் அந்த மூலையை நிமிர்த்தினாள். விரலை எச்சிலில் தொட்டுத் தேய்த்தாள். கோடு அப்படியே இருந்தது.

"கெளம்புறப்ப வாயால சொல்லிட்டுக் கெளம்பு" என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டே.